வக்கீல் ஹைக்கூ எழுதலாமா? தொழிலில் இருப்பவர்களும் தொழிலை முடித்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள்

நீதிமன்றத்தில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு ஹைக்கூ பிடித்துப்போவதில் வியப்பில்லை. வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவில் எழுதி முடிக்கலாம். ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கமே போதும். ஆனால் எழுதியதை வெளியிட நினைக்கும்போது சந்தேகங்கள் வரிசைகட்டி வருகின்றன. தொழிலை முடித்துக்கொண்டு பழைய நோட்டுகளைப் புரட்டும்போது அந்த வரிசை இன்னும் நீள்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் மூன்றும் கவிதையைப் பற்றியவை. அதன் பிறகு தொழில் அறம்.

ஹைக்கூன்னா மூணு வரி, அவ்வளவுதானே?

மூன்று வரி என்பது வெளித்தோற்றம். உள்ளே இருக்க வேண்டியது ஒரு வெட்டு. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் எதையும் விளக்காமல் விட்டுவிட வேண்டும். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686-இல் எழுதிய தவளைக் கவிதையில் முதல் வரி "ஃபுரு இகே யா" என்று முடிகிறது. "பழைய குளம்" என்பது "ஃபுரு இகே". கடைசியில் நிற்கும் "யா"வுக்குத் தனிப் பொருள் கிடையாது. வாசகரை ஒரு கணம் நிறுத்திவைக்கிற வெட்டுச்சொல் அது. அதன் பிறகுதான் தவளை குதிக்கிறது, நீரின் ஓசை கேட்கிறது. தமிழில் அந்த வேலையை ஒரு கோடோ வரி முறிவோ செய்துவிடும்.

"ஹைக்கூ" என்ற பெயரும் பாஷோ காலத்தது அன்று. பலர் சேர்ந்து தொடராகப் பாடும் செய்யுளின் தொடக்கப் பாட்டுக்கு "ஹொக்கு" என்று பெயர். அதைத் தனிக் கவிதையாகப் பிரித்து ஹைக்கூ என்ற பெயரில் நிலைநிறுத்தியவர் மசாஒகா ஷிகி (1867–1902). தமிழில் பாரதியார் 1916-இலேயே ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து சுதேசமித்திரனில் எழுதியிருக்கிறார்.

5-7-5 கட்டாயமா? எழுத்தை எண்ணணுமா, அசையை எண்ணணுமா?

தமிழில் எண்ண வேண்டியதில்லை. ஜப்பானியர் எண்ணுவது "ஓன்" என்ற ஒலி அலகை. நாம் மூன்று ஒலியாகச் சொல்லும் டோக்கியோ அவர்கள் கணக்கில் தோ-ஒ-க்யோ-ஒ என்று நான்கு. தமிழில் "காத்திருக்கிறார்கள்" என்ற ஒரே சொல்லில் மெய்யெழுத்தையும் சேர்த்தால் பத்து எழுத்து வருகிறது. மெய்யை விட்டால் ஆறு. எந்தக் கணக்கை எடுத்தாலும் நடுவரி ஏறக்குறைய தீர்ந்துபோகும். எண்ணிக்கையை நிரப்புவதற்காக "மெல்ல", "அந்த" என்று ஒட்டுப்போட்டவுடனே கவிதை தளர்ந்துவிடும்.

ஒரே மூச்சில் சொல்லி முடிகிறதா, ஓரிடத்தில் மட்டும் நிற்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது போதும்.

கோர்ட்டில் பூவும் நிலாவும் எங்கே இருக்கு? பருவச் சொல்லுக்கு எங்கே போறது?

பருவச் சொல்லை ஜப்பானியர் "கிகோ" என்பார்கள். அவற்றைத் தொகுத்து வைத்த அகராதிக்கு "சாய்ஜிகி" என்று பெயர். அதில் பூ, பறவை, மழைக்கு மட்டும் இடம் இல்லை; மனிதர்களின் அன்றாட வேலைகளுக்கும் விழாக்களுக்கும் தனிப் பகுதி உண்டு. ஆகவே மின்விசிறியின் சத்தம், நனைந்த கோட்டின் வாசனை, கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் நிரம்பி வழியும் வழக்குப் பட்டியல் எல்லாமே பருவத்தைச் சொல்லும்.

பருவமே இல்லாமல் மனிதரின் அசட்டுத்தனத்தையோ பரிதாபத்தையோ பிடித்தால் அது சென்ரியு. கராய் சென்ரியு (1718–1790) என்ற தொகுப்பாளரின் பெயரால் வந்த வகை இது. நீதிமன்றத்தில் எழுதப்படுவதில் பாதிக்கு மேல் உண்மையில் சென்ரியுதான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சென்ரியு குறி வைப்பது ஆளை. அதனால் கீழே வரும் சிக்கல்கள் அதற்குத்தான் அதிகம்.

கட்சிக்காரர் பேரைச் சொல்லாம எழுதினா போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு நம் மரபிலேயே விடை இருக்கிறது. அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம்: "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." நக்கீரரின் நெடுநல்வாடை இதை மீறவில்லை. பாட்டு முழுவதும் தலைவன் பெயர் இல்லை, தலைவி பெயரும் இல்லை. ஆனால் பாசறையில் தலைவனுக்கு முன்னே செல்பவனின் வேலில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது: "வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு." வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவால் ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வகைப்படுத்தினார்.

வக்கீல் எழுதும் ஹைக்கூவின் முதன்மையான ஆபத்து இதே வேப்பந்தார்தான். நல்ல ஹைக்கூ துல்லியமான ஒரு விவரத்தைக் கேட்கிறது. துல்லியமான விவரம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. நீள்கதையில் ஒரு விவரம் நூறு விவரங்களோடு கலந்து மறையும்; மூன்று வரியில் அது தனியாக நிற்கும்.

இதைத் தடுக்கிற விதி எது? எந்த நாட்டுக் கதை?

ஏறக்குறைய எல்லா நாட்டுக் கதையும்தான். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் (1983) விதி 1.6, கட்சிக்காரர் விவரமறிந்து சம்மதிக்காமல் அவருக்காகச் செய்த பணி தொடர்பான தகவல் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. அவர் காதோடு காதாகச் சொன்னது மட்டும் அடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வழியில் தெரிந்த தகவலானாலும் அடங்கும் என்று விதியின் விளக்கம் சொல்கிறது. மாதிரி விதிகள் தாமாகச் சட்டம் ஆகா. ஒவ்வொரு மாநிலமும் தனக்கேற்ற வடிவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர்களின் நடத்தை நெறி, இப்போதைய கட்சிக்காரர், முன்னாள் கட்சிக்காரர் இருவர் விவகாரத்தையும் காக்கச் சொல்கிறது. இந்தியாவில் இந்த இரகசியக் கடமை 1872 சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தக் கடமையை நேராகவோ மறைமுகமாகவோ மீறக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் விதியும் சொல்கிறது. "மறைமுகமாக" என்ற சொல்லைக் கவிஞர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

தீர்ப்பே பொதுவில் இருக்கு, பேப்பரிலும் வந்தாச்சு. இன்னும் என்ன ரகசியம்?

பலரும் இடறும் இடம் இது. பொதுவெளியில் எழுதும் வழக்கறிஞர்களைப் பற்றி அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2018 மார்ச்சில் வெளியிட்ட 480-ஆம் முறைக் கருத்துரை நேராகவே சொல்கிறது: தகவல் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது என்பதால் மட்டும் வக்கீலின் இரகசியக் கடமை தீராது. யாரும் போய்ப் படிக்கலாம். ஆனால் அவருடைய வக்கீல் எடுத்துப் பரப்பக் கூடாது. முன்னாள் கட்சிக்காரர் விஷயத்தில் "பரவலாகத் தெரிந்தது" என்ற விலக்கு ஒன்று உண்டு. அது அந்தத் தகவலை அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவது பற்றியது; வெளியிடுவதற்கான அனுமதி ஆகாது. 2017 டிசம்பரில் வந்த 479-ஆம் கருத்துரை அந்த விலக்கையும் குறுக்கிவிட்டது. அந்த வட்டாரத்திலோ அந்தக் கட்சிக்காரரின் தொழில்துறையிலோ பலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதிவேட்டில் கிடப்பது போதாது.

மறுபக்கமும் உண்டு. முடிந்துபோன வழக்கில், திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டவற்றை வக்கீல் எழுதுவது பேச்சுரிமையின் பாதுகாப்பில் வரும் என்று வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. ஆகவே உங்கள் பகுதி விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், சட்டம் விட்டாலும் கட்சிக்காரரின் கசப்பான நாளைக் கவிதையாக்க அவரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. அவர் உங்களிடம் வந்தது கவிதைக்குப் பொருளாக இல்லை.

விவரத்தை மாத்திட்டா? ஆணைப் பெண்ணாக்கி, தொழிலை மாத்தி எழுதினா?

எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

மணமுறிவு ஆணை—
வயலின் ஆசிரியர் விரலில்
மோதிரத் தடம்

வயலினை வீணையாக்கலாம், "அவர்" என்று மழுப்பலாம். ஆனால் இசை, ஆசிரியர், மணமுறிவு மூன்றும் சேர்ந்த கட்சிக்காரர் ஒரு வக்கீலுக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? 480-ஆம் கருத்துரையின் அளவுகோலும் இதுவே. கற்பனை என்று சொல்லி எழுதினாலும், வாசிப்பவர் ஆளையோ வழக்கையோ கண்டுபிடிக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் அது மீறல்தான். நாங்கள் சொல்லும் சோதனை எளியது. கவிதையை மூன்று பேராக மாறி வாசியுங்கள்: கட்சிக்காரராக, அவருடைய எதிர்தரப்பு உறவினராக, அன்று அந்த அறையில் இருந்த கோர்ட் ஊழியராக. மூவரில் ஒருவர் "இது அவங்கதானே" என்று சொல்லக்கூடுமானால் நிறுத்துங்கள். தொழிலை எடுத்துவிட்டு "விரலில் வெளிறிய மோதிரத் தடம்" என்றாக்கினால் வெளியார் கண்டுபிடிக்க முடியாது; ஆனால் உங்கள் பெயரும் தேதியும் கீழே இருந்தால் அந்த மனிதர் தன்னைக் கண்டுகொள்வார். முதல் சோதனையிலேயே தோற்றுவிட்டது. கவிதையாகவும் அது பலவீனம். "மணமுறிவு" என்ற முதல் வரி எல்லாவற்றையும் விளக்கிவிட்டதால் வாசகருக்கு வேலையே இல்லை.

இப்போது அதே அறையில் கண்ணை வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள்:

சாயங்கால வெயில்—
சாட்சி பெஞ்சில்
யாரோ மறந்த குடை

காலையில் மழை பெய்திருக்கிறது. யாரோ நாள் முழுக்கக் காத்திருந்து, எதையோ கேட்டுவிட்டு, குடையை மறக்கும் மனநிலையில் போயிருக்கிறார். என்ன வழக்கு, யார் வென்றார், எதுவும் இல்லை. வெளியிட்டதாகச் சொல்ல ஒரு தகவலும் கிடையாது. மூன்றில் இதுவே நல்ல ஹைக்கூ என்பதும் தற்செயலாக நடந்ததில்லை.

கட்சிக்காரரே சரின்னு சொல்லிட்டா?

சம்மதம் செல்லும். ஆனால் "உங்க கதையை எழுதிக்கட்டுமா?" "தாராளமா எழுதுங்க சார்" என்ற பேச்சு சம்மதம் ஆகாது. கவிதையை அச்சாகப் போகும் வடிவிலேயே காட்டுங்கள். எங்கே வரும், யார் படிப்பார்கள், வந்தபின் திரும்பப் பெற முடியாது, எதிர்தரப்பு பார்த்தால் என்ன ஆகலாம் என்று சொல்லுங்கள். யோசிக்க சில நாள் விடுங்கள். எழுத்தில் வாங்குங்கள். ஃபீஸ் பேசும் அன்றும் தீர்ப்புக்கு முந்தைய வாரமும் கேட்கவே கேட்காதீர்கள். உங்களை நம்பி நிற்பவர் அப்போது மறுக்க மாட்டார்.

இன்னொரு தடை உண்டு. மாதிரி விதி 1.8(டி)-யின்படி, பணி முடிவதற்கு முன் அந்த வழக்கின் தகவலைப் பெரும்பகுதி அடிப்படையாகக் கொண்ட படைப்புக்கான உரிமையை வக்கீல் ஒப்பந்தமாக வாங்கக் கூடாது. காரணம் தெளிவு: வழக்கு சுவையாக முடிந்தால் புத்தகம் விற்கும் என்ற நிலை வந்தால், சமரசத்துக்குப் போகச் சொல்லும் வாய் தயங்கும். மூன்று வரிக்கு யார் ஒப்பந்தம் போடுவார்கள் என்று தோன்றலாம். ஒரே வழக்கைப் பற்றிய முப்பது ஹைக்கூக்களும் உரைநடையும் கொண்ட ஒரு நூலுக்கு இது பொருந்தும்.

உரைநடையும் ஹைக்கூவும் கலந்த ஹைபுன் எழுதறேன். அதே விதிதானா?

விதி அதேதான், ஆபத்து பல மடங்கு. பத்து வரி உரைநடையில் ஊர், மாதம், எந்த மாடி, எத்தனை குழந்தைகள் என்று விவரம் தானாகக் கசியும். கவிதையைச் சோதித்துவிட்டு உரைநடையைச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள். தலைப்பு, எழுதிய தேதி, "குடும்ப வழக்குகளை மட்டும் நடத்துபவர்" என்ற ஆசிரியர் குறிப்பு ஆகியவையும் விவரங்களே. மூவர் சோதனையை பக்கம் முழுவதுக்கும் செய்யுங்கள்.

எதிர்தரப்பு சாட்சி, போலீஸ்காரர், ஒரு குழந்தை. இவங்க என் கட்சிக்காரர் இல்லையே?

இல்லைதான். ஆனால் அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது உங்கள் கட்சிக்காரரின் வழக்கு வழியாகத்தான். முன்பு சொன்னபடி, தகவல் எந்த வழியில் வந்தாலும் பணி தொடர்பானது என்றால் கடமைக்குள் வரும்.

குழந்தைகள், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்கள், மூடிய அறையில் நடந்த விசாரணை: இவற்றில் கட்சிக்காரர் சம்மதித்தாலும் போதாது. அடையாளத்தை வெளியிடுவதையே தனிக் குற்றமாக வைத்திருக்கும் சட்டங்கள் உண்டு. இந்தியாவில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்கிதையின் 72-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. இங்கே எங்கள் விடை ஒரே சொல்: வேண்டாம். பக்கத்து அறை வழக்கானாலும் சரி.

நீதிபதி தூங்கினார்னு எழுதலாமா? உண்மையாவே தூங்கினார்!

நீதிபதியின் தகுதியையோ நேர்மையையோ பற்றிப் பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று பாராமலோ சொல்வதைத்தான் மாதிரி விதி 8.2 தடுக்கிறது. உண்மையைச் சொல்வதை அது தடுக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கடுமையாக இருக்கும் நாடுகளில் கணக்கு வேறு. அதைவிட நடைமுறையான கேள்வி: அதே நீதிபதி முன் நாளை உங்கள் கட்சிக்காரர் நிற்கப்போகிறாரா? உங்கள் மூன்று வரிக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி, விசாரணையைப் பாதிக்கும் விதமாக வெளியே பேசுவதற்கு விதி 3.6-இன் தடையும் இருக்கிறது.

நீதிபதிகளே பாட்டாத் தீர்ப்பு எழுதியிருக்காங்களே?

எழுதியிருக்கிறார்கள். கார் மோதிச் சேதமான ஒரு மரத்துக்காகத் தொடுத்த வழக்கில், மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் செய்யுளிலேயே தீர்ப்புச் சொன்னது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் 2002-இல், போலிக்கல் பதித்த நிச்சயதார்த்த மோதிரம் பற்றிய வழக்கில், ஒரு நீதிபதி தன் மாறுபட்ட தீர்ப்பை எதுகையோடு எழுதினார். உடன் அமர்ந்த இருவர் அது பொருத்தமற்றது என்று தனித்தனியே பதிவு செய்தார்கள்.

அந்த இருவர் பக்கமே எங்கள் மனம் சாய்கிறது. தோற்றவர் அந்தத் தாளை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பார். மரத்தின் வழக்கில் புண்பட அதிகம் பேர் இல்லை. முறிந்த மணத்தின் வழக்கில் இருக்கிறார்கள். மனுவில் ஹைக்கூ சேர்க்கலாமா என்று கேட்கும் வக்கீல்களுக்கும் இதே பதில்.

தொழிலை விட்டாச்சு, சனதையும் ஒப்படைச்சாச்சு. இனிமே எழுதலாம்தானே?

கடமை சனதோடு, அதாவது தொழில் நடத்தும் உரிமத்தோடு, ஒட்டியதில்லை. மாதிரி விதி 1.9(சி) முன்னாள் கட்சிக்காரர் தகவலையும் காக்கச் சொல்கிறது. இந்தியச் சட்டத்தின் விளக்கமும் பணி முடிந்த பிறகும் கடமை தொடரும் என்கிறது. தொழிலில் இருக்கும்போது கூச்சப்பட்டு எழுதாததை ஓய்வுக்குப் பின் எழுதலாம் என்று பல ஆண்டு காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கட்சிக்காரர் இறந்துவிட்டாலும் மாறாது. வெள்ளை மாளிகை அதிகாரி வின்ஸ் ஃபாஸ்டர் 1993-இல் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு ஒரு வக்கீலைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் வக்கீல் கையால் எழுதிய குறிப்புகளை அரசுத் தரப்பு கேட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. இறந்த பிறகு தன் சொல் வெளியே வரும் என்று தெரிந்தால் யாரும் வக்கீலிடம் மனம் திறக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

முப்பது வருஷ நோட்டுகள் பீரோவில் இருக்கு. பாதி வழக்குக் குறிப்பு, பாதி கவிதை. என்ன பண்றது?

ஆபீஸைக் காலி செய்யும் கடைசி வாரத்தில் இதைத் தொடாதீர்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் கட்டுகளும் நோட்டுகளும் பிரியட்டும். வழக்குக் கட்டில் இருக்கும் அசல் பத்திரங்கள் கட்சிக்காரருடையவை. பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். பணம், பத்திரம் பற்றிய கணக்குகளைப் பணி முடிந்து ஐந்து ஆண்டு வைக்கச் சொல்கிறது மாதிரி விதி 1.15. உங்கள் பகுதியில் காலம் வேறாக இருக்கலாம், பாருங்கள்.

பிறகு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: வழக்குக் குறிப்பு, வழக்கிலிருந்து வந்த கவிதை, வழக்குக்குத் தொடர்பில்லாத கவிதை. மூன்றாவதை மட்டும் புது நோட்டில் கையால் படியெடுங்கள். கைபேசியில் பக்கத்தைப் படம் பிடிக்க வேண்டாம். ஓரத்தில் கிறுக்கிய பெயரும் தொலைபேசி எண்ணும் படத்தில் வந்துவிடும், அந்தப் படம் தானாக எங்கெங்கோ சேமிப்பாகும். இரண்டாவது வகைக்கு மூவர் சோதனை. தேறாதவை முதல் வகையோடு போகட்டும். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் குறுக்குவெட்டாகத் துண்டாக்கும் இயந்திரத்தில் கொடுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது, கட்டுக் கட்டாக.

இதைச் செய்து முடிக்கும் முன் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நோட்டு குடும்பத்தார் கைக்குப் போகும். அவர்கள் பாசத்தால் எல்லாவற்றையும் நினைவு மலராக அச்சிட்டுவிடுவார்கள். ஆகவே நோட்டுகளை முதலில் பார்க்க வேண்டியவர் இன்னொரு வக்கீல் என்று உயிலிலோ தனிக் கடிதத்திலோ பெயர் குறித்து எழுதி வையுங்கள்.

பழைய தொகுப்பில் ஒரு கவிதை இப்போ உறுத்துது. வந்து பதினைந்து வருஷம் ஆச்சு.

மறுபதிப்பில் எடுத்துவிடுங்கள், இணையத்தில் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் படியை நீக்குங்கள். காரணத்தை அறிவிக்காதீர்கள். "ஒரு கட்சிக்காரரின் நலன் கருதி 42-ஆம் பக்கக் கவிதை நீக்கப்படுகிறது" என்று முன்னுரையில் எழுதினால், பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். அந்தக் கட்சிக்காரருக்கு உண்மையில் பாதிப்பு வரக்கூடும் என்றால் அவரிடம் மட்டும் நேரில் சொல்வது முறை.

பாஷோவை மேற்கோள் காட்டலாமா? அப்புறம், என் கவிதை இன்னொருத்தர் கவிதை மாதிரியே இருக்குன்னு சொல்றாங்க.

மூலத்துக்குத் தடை இல்லை, பாஷோ இறந்தது 1694-இல். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. அவர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக 70 ஆண்டு. கட்டுரையிலிருந்து ஒரு பத்தி எடுத்தால் ஒரு பகுதிதான்; ஒரு ஹைக்கூவை எடுத்தால் முழுப் படைப்பையும் எடுத்தாயிற்று. பெயர் போடுங்கள், கேட்க முடிந்தால் கேளுங்கள்.

ஒற்றுமை வருவது இயல்பு. மூன்று வரியில் குடையையும் வெயிலையும் வைத்தால் உலகில் வேறு யாரோ வைத்திருப்பார்கள். காட்சி ஒன்றானால் பரவாயில்லை. காட்சி, வெட்டு, கடைசிச் சொல் மூன்றும் ஒன்றானால் முந்தியவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அறியாமல் நேர்ந்தது என்றாலும்.

இவ்வளவும் வெட்டிட்டா எழுத என்னதான் மிச்சம்?

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் கோபயாஷி இஸ்ஸாவைப் பாருங்கள் (1763–1828). தந்தை 1801-இல் இறந்த பிறகு, சொத்துக்காக மாற்றாந்தாயோடும் அவர் மகனோடும் பன்னிரண்டு ஆண்டு இழுபறி. 1813-இன் தொடக்கத்தில்தான் தீர்ந்தது. வீட்டில் பாதி கிடைத்தது. தந்தையின் கடைசி நாட்களைப் பற்றி எழுதிய நாட்குறிப்பில் மாற்றாந்தாயைக் கடுமையாகவே பேசுகிறார். அவர் வழக்காடியவர், வக்கீல் இல்லை. பேச அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் 1812 குளிர்காலத்தில் ஊர் திரும்பியபோது எழுதிய ஹைக்கூ இது:

இதுதானா, ஆக,
என் கடைசி வீடு—
ஐந்தடிப் பனி

மூலத்தில் "யுகி கோ-ஷாகு", ஐந்து ஷாகு பனி. ஒரு ஷாகு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். பன்னிரண்டு ஆண்டுச் சண்டையில் ஒரு சொல்கூட உள்ளே இல்லை. யார் தம்பி, யார் தாய், எத்தனை வயல், எதுவும் இல்லை. பனியின் உயரம் இருக்கிறது, "ஆக" என்ற ஒரு பெருமூச்சு இருக்கிறது.

நாளைக்கு கோர்ட்டுக்குப் போகும்போது இதே போல ஓர் அளவைத் தேடுங்கள். கட்டின் கயிறு எத்தனை சுற்று, மின்விசிறியின் எந்த இறக்கையில் தூசி, அழைப்புக் குரல் எந்தத் தூணைத் தாண்டினால் கேட்காது. காத்திருக்கும் உங்கள் முழங்கால் வலியும் உங்களுடையதுதான், அதற்கு யார் சம்மதமும் வேண்டாம்.